தேய்வதைச் சொல்லாத பிரேக்

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3,86,000 ஜூல். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தும்போது அந்த ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. குழாயில் பிடித்த தண்ணீர் ஒன்றேகால் லிட்டரைத் தளதளவென்று கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அடுப்பு இந்த வேலைக்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அவசரமாக மிதித்த பிரேக் நான்கே நொடியில் முடித்துவிடும்.

ஆற்றலை நேரத்தால் வகுத்தால் திறன் கிடைக்கும். இங்கே கிடைப்பது 96 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 130 குதிரைத்திறன். அதே காரின் எஞ்சின் 80, 90 குதிரைத்திறன்தான் தரும். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்குப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகும். ஆக, வண்டியில் மிக வலிமையான பொறி எஞ்சின் அன்று, பிரேக். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், ஐம்பதில் நன்றாகப் பிடிக்கிற பிரேக் நூறில் நான்கு மடங்கு வெப்பத்தை விழுங்கியாக வேண்டும்.

இந்தச் சுமையில் பெரும்பகுதி முன் சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. பிரேக் போட்டதும் வண்டியின் மூக்கு தாழ்வதைப் பார்த்திருப்போம். எடை முன்னோக்கிச் சாய்வதன் அடையாளம் அது. நிற்கும்போது நூற்றுக்கு 60 பங்கு எடையை முன்னால் வைத்திருக்கும் ஒரு கார், பலமாக பிரேக் போட்ட கணத்தில் ஏறத்தாழ 75 பங்கை முன் சக்கரங்கள் மேல் ஏற்றிவிடும். உயரம் அதிகம், நீளம் குறைவு என்பதால் மோட்டார் சைக்கிளில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். அங்கே முன் சக்கரம் 80 பங்குக்கு மேல்கூடத் தாங்க நேரிடும். சாலையைப் பற்றி அழுத்திக்கொண்டிருக்கும் சக்கரத்தால்தான் வண்டியை நிறுத்த முடியும். பின்னால் டிரம் பிரேக் வைத்த வண்டிகளிலும் முன்னால் டிஸ்க் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தாமிரத்தில் தொடங்கிய கதை

சக்கரத்தோடு சுழலும் தட்டை, அதாவது டிஸ்கை, இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தலாம் என்ற எண்ணம் மிகப் பழையது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டைக் கவ்வ அவர் வைத்தது தாமிரத் துண்டுகள். அவை காது கூசும்படி கிறீச்சிட்டன. அன்றைய மண் சாலைகளின் புழுதியில் வெகு சீக்கிரம் தேய்ந்தும் போயின. உலகம் டிரம் பிரேக்கின் பக்கம் போய்விட்டது.

டிரம் பிரேக்கில் ஒரு மூடிய உருளைக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்தும். சூடேறினால் உலோகம் விரியும். உருளை விரிந்தால் அதன் சுவர் ஷூவை விட்டு விலகிப் போகும். பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பிடிப்பு நழுவும். மூடிய அறை என்பதால் வெப்பம் வெளியேறவும் வழி குறைவு. டிஸ்கில் நடப்பது நேர்மாறு. தட்டு சூடேறித் தடித்தால் தன்னைக் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும். திறந்த வெளியில் சுழல்வதால் காற்று அதை விடாமல் குளிர்விக்கும். கார்களின் முன் டிஸ்க் பெரும்பாலும் ஒரே தட்டாக இராது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறு தடுப்புகள் வைத்து வார்த்திருப்பார்கள். சுழலும்போது அது மையத்திலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியே வீசி எறியும். வேகம் கூடக் கூட அந்த விசிறியும் வேகமாக வேலை செய்யும்.

விமானச் சக்கரங்களில் தேறிய இந்த முறையை டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் சேர்ந்து பந்தயக் காருக்குக் கொண்டுவந்தன. பிரான்சின் லே மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் பந்தயத்தில் 1953ஆம் ஆண்டு டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் நூறு மைல் சராசரியை ஒரு கார் தாண்டியது அதுவே முதல் முறை. நேர்ச்சாலையின் கடைசிவரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, வளைவுக்கு அருகில் பிரேக் போட முடிந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த ஆதாயம். நன்றாக நிற்கத் தெரிந்த வண்டியால்தான் வேகமாக ஓட முடியும் என்பதை அந்த 24 மணி நேரம் எல்லோருக்கும் காட்டியது. 1955இல் சிட்ரோன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 அதை மோட்டார் சைக்கிள்களில் பரவச் செய்தது. இன்று நம் தெருவில் நிற்கும் ஸ்கூட்டரின் முன் சக்கரத்திலும் அது பளபளக்கிறது.

இருபது கிலோ ஐந்நூறு கிலோவாகும் இடம்

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதியின் மேல்தான் பிரேக் பெடல் நிற்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பெடலை 20 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கித் தந்தால் மாஸ்டர் சிலிண்டருக்கு 80 கிலோ போய்ச் சேர்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், சக்கரத்தருகே டிஸ்கைக் கவ்வும் கேலிப்பரில் உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால், பரப்பளவு ஆறேகால் மடங்கு. 80 கிலோ 500 கிலோவாகிப் பேடை அழுத்துகிறது. பூஸ்டர் தரும் உதவியை இதில் சேர்க்கவே இல்லை.

பெரும்பாலான வண்டிகளின் கேலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உட்பக்கப் பேடை டிஸ்கின் மேல் தள்ளும். தள்ளிய விசைக்கு எதிர்விசை கேலிப்பரின் உடலைப் பின்னோக்கி நகர்த்தும். அந்த நகர்வில் வெளிப்பக்கப் பேடும் டிஸ்கின் மேல் வந்து அமரும். இப்படி ஒரே பிஸ்டன் இரண்டு பக்கமும் சமமாகக் கவ்வுகிறது. இதற்காகக் கேலிப்பர் இரண்டு வழுக்கும் பின்களின் மேல் மிதக்கிறது.

ரப்பர் வளையம்

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்க வேண்டும். டிரம் பிரேக்கில் ஷூக்களை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் கேலிப்பருக்குள் அப்படி ஒன்றும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரின் பள்ளத்தில், சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் மட்டும் இருக்கிறது. பிரேக் ஆயில் கசியாமல் தடுப்பதுதான் அதன் வேலை என்று முதல் பார்வையில் தோன்றும். அதைவிட நுட்பமான இன்னொரு வேலையும் அதற்கு உண்டு.

பிஸ்டன் முன்னே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பு பிஸ்டனைப் பற்றிக்கொண்டு கூடவே வளைகிறது. வெளிவிளிம்பு பள்ளத்திலேயே நிற்கிறது. அழுத்தம் நீங்கியதும் வளைந்த ரப்பர் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். பேட் டிஸ்கை விட்டு விலக அவ்வளவே போதும்.

பேட் தேயும்போது பிஸ்டன் இன்னும் சற்று முன்னே போக வேண்டியிருக்கும். ரப்பர் எவ்வளவு வளையுமோ அவ்வளவு வளைந்து, அதற்கு மேல் பிஸ்டனை வழுக்கிப் போக விட்டுவிடும். அடுத்த முறை அந்தப் புதிய இடத்திலிருந்தே பின்னிழுக்கும். ஆக, பேடின் தடிமன் 10 மில்லிமீட்டர் இருந்தாலும் 3 மில்லிமீட்டர் இருந்தாலும் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறுவதில்லை. ஆண்டுக்கணக்காக, யாரும் தொடாமலே, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஒரு ஸ்பிரிங் இல்லை, ஒரு திருகு இல்லை. ஒரு ரப்பர் துண்டின் மீள்தன்மை மட்டும் இருக்கிறது. பொறியியலின் மிக அழகான தீர்வுகளில் இதை ஒன்றாகச் சொல்வேன்.

இந்த அழகில்தான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கேபிள் வைத்த டிரம் பிரேக்கில் ஷூ தேய்ந்தால் லிவர் தளர்ந்து கைக்குள் வரும். ‘பிரேக் லூசாகிவிட்டது’ என்று நட்டைத் திருகுவோம். தேய்மானத்தை அது ஓட்டுபவரின் கைக்கே சொல்லிவிடும். டிஸ்க் பிரேக் சொல்லாது. கடைசி மில்லிமீட்டர் வரை பெடல் அதே உயரத்தில் நிற்கும், அதே உறுதியுடன் பிடிக்கும். பிறகு ஒருநாள் பேடின் பின்தகடு டிஸ்கை உரசும். இரும்போடு இரும்பு தேயும் ஓசை கேட்கும். அதற்குள் டிஸ்கும் கெட்டிருக்கும். இந்த பிரேக்கைக் கண்ணால் பார்த்துத்தான் பராமரிக்க முடியும். உணர்வை நம்ப முடியாது.

சக்கரத்தைக் கழற்றினால் தெரிபவை

முதலில் பேட். புதிய கார் பேடில் உராய்வுப் பொருள் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது. பல பேடுகளில் ஒரு மெல்லிய இரும்பு நாக்கு இருக்கும். பேட் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கீச்சிடும். வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பின்கள் கிரீஸ் வற்றி இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. அப்போது உட்பக்கப் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். இரண்டு பேடுகளின் தடிமனும் வேறுபட்டிருந்தால் புதிய பேட் போடுவதோடு வேலை முடியாது. பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ கேலிப்பரில் உள்ள ரப்பரை ஊதிப் பெருக வைத்துவிடும்.

பிரேக் ஆயில் டப்பாவும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது. ஆகவே மட்டம் குறைந்தால் பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிவு இருக்க வேண்டும். காரணம் பார்க்காமல் ஆயிலை ஊற்றி நிரப்புவது, தேய்மானத்தைச் சொல்லும் அந்தச் சாட்சியையும் வாயடைப்பதாகும். அப்படி நிரப்பிய டப்பா, புதிய பேடுக்காகப் பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது வழிந்து பெயின்ட்டை அரிக்கும்.

பிஸ்டனைத் தள்ளும் முன் அதன் வெளியே தெரியும் பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் படிந்த சேறும் துருவும் உள்ளே போனால் அந்தச் சதுர வளையத்தைக் கீறிவிடும். வளையம் கெட்டால் பிஸ்டன் பின்வாங்காது. பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். சிறிது தூரம் ஓட்டி வந்து ஒவ்வொரு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக அடிப்பது தெரியும். பிஸ்டன் இறுகியிருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமலும் இருக்கலாம்.

கேலிப்பரைக் கழற்றினால் அதை ஹோஸில் தொங்க விடக் கூடாது; கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். பேடை ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றாமல், இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். பல பத்தாண்டுகள் பேடுகளில் கல்நார் கலந்தார்கள். அது நுரையீரலில் செய்த கேடு உலகறிந்தது. எந்தப் பேடாக இருந்தாலும் அதன் நுண்தூசி மூச்சுக்குள் போகாதபடி ஈரத்தில் துடைத்தெடுப்பதே முறை. வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டும். பின்னால் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் மிதி வெறுமனே இறங்கும். இதை மறந்து வண்டியை எடுப்பவருக்கு முதல் முறை பிரேக் இருக்காது.

டிஸ்க் நெளிந்துவிட்டதா?

பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் ‘டிஸ்க் நெளிந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. பேட் வெறுமனே டிஸ்கைச் சுரண்டுவதில்லை. தன் பொருளில் ஒரு மெல்லிய படலத்தை டிஸ்க் மேல் ஏற்றுகிறது. பிறகு அந்தப் படலமும் பேடும் ஒட்டி ஒட்டிப் பிரிவதில்தான் உராய்வின் கணிசமான பங்கு கிடைக்கிறது. படலம் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் படிந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு ஏறி இறங்கும். டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து சுழன்றாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடுகூடப் பெடலில் தெரியும். டிஸ்க் சாய்வதற்குக் காரணம் அது உட்காரும் ஹப்பில் ஒட்டிய துருவாக இருக்கலாம். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்காமல், ஒரே வரிசையில் சுற்றி இறுக்கியதாகவும் இருக்கலாம். துருவைத் தேய்த்தெடுக்காமல் புதிய டிஸ்க் வாங்கிப் போட்டாலும் நடுக்கம் திரும்பி வரும்.

புதிய பேட் போட்டதும் முதலில் மிதமான வேகத்தில் பலமுறை பிரேக் போட்டு, இடையிடையே ஆற விட்டு ஓட்டச் சொல்வது அந்தப் படலம் சீராகப் படிவதற்காகத்தான். எண்ணெய்க் கை பட்டாலும் அது கெடும். டிஸ்கின் விளிம்பிலோ மையத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எழுத்தாகப் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க் வெப்பத்தை வாங்கி வைக்க இடமில்லாத டிஸ்க். மழையில் நனைந்து மறுநாள் காலை டிஸ்கில் தெரியும் செம்பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. முதல் சில பிரேக்கிலேயே அது துடைபட்டுப் போகும்.

தண்ணீர் குடிக்கும் ஆயில்

பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது எண்ணெய் அன்று; கிளைக்கால் வகை வேதிப்பொருள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையக் கூடாது. 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அந்தத் தரம் அனுமதிக்கிறது. டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140. கொஞ்சம் ஈரம் 65 முதல் 75 டிகிரி வரை தின்றுவிடுகிறது.

இது எங்கே உயிரோடு விளையாடும் என்பதற்கு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையைப் பார்க்கலாம். உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆயிரம் கிலோ கார் அந்த உயரத்தை இழக்கும்போது 1 கோடியே 86 லட்சம் ஜூல் வெளிப்படுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் காற்றுத் தடை போக மீதி வெப்பம் எல்லாம் டிஸ்குக்கும் பேடுக்கும் போகும். பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் போகும். பழைய ஆயில் கொதித்தால் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதித்த மிதி முழுவதும் குமிழைச் சுருக்குவதில் தீர்ந்து, பெடல் தரையைத் தொடும். மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். எஞ்சின் தன் பங்குக்கு வேகத்தை இழுத்துப் பிடித்தால் அந்த வெப்பம் பிரேக்குக்கு வராது.

வண்டி அதிகம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதும் இதனால்தான். ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. மாற்றும்போது ஏர் எடுக்க வேண்டும். கேலிப்பரின் நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழ்களை வெளியே விட்டு, பெடல் மேலே வரும் முன் மூட வேண்டும். காற்று மேலே எழும் என்பதால் நிப்பிள் எப்போதும் கேலிப்பரின் உச்சியில் இருக்கும். இடது, வலது கேலிப்பர்களை மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் காற்று உள்ளேயே நிற்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் சிலவற்றில் இந்த வேலைக்குக் கணினிக் கருவி தேவைப்படும்; அதை ஒர்க்ஷாப்பில் செய்வதே சரி.

லான்செஸ்டர் தொடங்கி வைத்த உராய்வுப் பொருளின் தேடல் இன்னும் முடியவில்லை. பேடில் கலந்த தாமிரம் தூசியாகி மழைநீரோடு ஆற்றில் சேர்ந்து மீன்களைப் பாதிக்கிறது என்பதால், கலிபோர்னியா 2010இல் சட்டம் இயற்றி, 2025 முதல் அதன் அளவை அரை சதவீதத்துக்குள் அடக்கியது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் புகைக்குழாயோடு நில்லாமல் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. மின்சார வண்டிகளில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாகத் திருப்பிக்கொள்வதால் டிஸ்க் தேய்வது குறைகிறது. மாறாக, பயன்படாமல் துருப்பிடிப்பதும் பின்கள் இறுகுவதும் அங்கே கூடுதல் கவலை. எந்த வண்டியானாலும் திறந்து பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது.

எனவே அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இரு பக்கப் பேடுகளின் தடிமன், டிஸ்கின் தடிமன், பிரேக் ஆயில் மாற்றிய மாதமும் ஆண்டும். கழற்றிய பழைய பேடுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அளந்து சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பிரேக் இன்று பிடிக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். நாளையும் பிடிக்குமா என்பதைச் சக்கரத்தைக் கழற்றி அளந்தவரால்தான் சொல்ல முடியும்.